பணம் வந்த பிறகு யார் செய்வார்கள்? பள்ளி மாவட்ட கிராண்ட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை வகுப்பு நடத்த கிராண்ட், அதாவது நிதி மானியம், கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில் 120 பிள்ளைகள் என்று இருந்தது. பட்ஜெட் தாளில் 90 பேருக்குத்தான் கணக்கு போட்டிருந்தார்கள். பிரின்சிபால் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதத்தில் 100. மூன்றையும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. மதிப்பீட்டாளர் குழுவில் உட்கார்ந்து அதற்குக் குறைந்த மதிப்பெண் போட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை. நல்ல திட்டம் அது. பள்ளி விட்ட பிறகு கணக்கும் வாசிப்பும் சொல்லித்தர வேறு யாருமே இல்லாத பகுதி. ஆனால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாத விண்ணப்பத்தை நம்பிப் பணம் கொடு என்று யாரிடமும் பரிந்துரைக்க முடியாது.

அமெரிக்க நகரம் ஒன்றின் பள்ளி மாவட்டத்தில் (அந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு அது), கிராண்ட் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இப்போது பிள்ளைகளின் பள்ளியில் பிடிஏ எனும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும், ஆசிரியர்களும், சிறிய தொண்டு நிறுவனம் நடத்துபவர்களும் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பின. எழுதுகிறவர் ஒருவர், செய்யப்போகிறவர் வேறொருவர், இருவரும் ஒரு தடவைகூட ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை.

காலண்டரைப் பார்க்காமல் வாக்குக் கொடுப்பது

மாலை நேரத் திட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் முதல் வாரம் தொடக்கம் என்று விண்ணப்பத்தில் எழுதியாயிற்று. கிராண்ட் கிடைத்த கடிதம் ஆகஸ்ட் நடுவில் வருகிறது. பள்ளி வாரியம் அதை ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும். முக்கியக் கூட்டம் மாதம் ஒருமுறைதான். நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டுமானால் இரண்டு மூன்று வாரம் முன்பே தாள் போயிருக்க வேண்டும். ஆக, செப்டம்பர் கடைசி. அதன் பிறகுதான் நிதிப் பிரிவு இந்தப் பணத்துக்கென ஒரு பட்ஜெட் கோடு, அதாவது தனிக் கணக்குத் தலைப்பு, திறக்கும். கோடு இல்லாமல் ஒரு பென்சில் பெட்டிகூட வாங்க முடியாது. அப்புறம் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு அறிவிப்பு. ஆசிரியர் சங்க ஒப்பந்தம் சொல்லும் நாட்கள் வரை அது திறந்திருக்க வேண்டும். நேர்காணல், கைரேகை, பின்னணிச் சோதனை. பிள்ளைகள் முதல் நாள் வந்து உட்காரும்போது நவம்பர் பாதி தாண்டிவிடும்.

இதில் யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. ஒவ்வொரு படியும் பொதுப் பணத்தைக் காப்பதற்காக வைத்த படி. ஆனால் முதல் வருட அறிக்கையில் மூன்று மாத வகுப்புகள் குறைகின்றன, பணம் மிஞ்சுகிறது, கொடுத்தவர் "ஏன்?" என்று கேட்கிறார். டைட்டில் 1 என்ற, ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) பணத்தில் ஒரு வருட ஒதுக்கீட்டில் 15 சதவீதத்துக்கு மேல் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக, பெரிய மாவட்டங்களுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. அதனால் முதல் மூன்று மாதத்தைத் தயாரிப்புக் காலம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நேர்மையாக எழுதிய தாமதத்துக்காக மதிப்பெண் குறைத்த மதிப்பீட்டாளரை நான் பார்த்ததில்லை.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. பல ஃபெடரல் கிராண்ட்களுக்குத் தகுதி மாவட்டத்துக்குத்தான், தனிப்பட்ட பள்ளிக்கு இல்லை. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இரவெல்லாம் விழித்து எழுதி முடித்த பிறகு, மாவட்டத்தின் கையெழுத்து வேண்டும் என்று தெரிந்து, கெடு தேதியன்று மதியம் ஓடிவருவார். கூட்டாளியான தொண்டு நிறுவனம் ஃபெடரல் பணம் பெறுபவர்களுக்கான சாம் பதிவைப் புதுப்பிக்க மறந்திருக்கும். அது வருடம் தோறும் காலாவதியாகும் பதிவு. 2022 ஏப்ரலில் நிறுவனங்களை அடையாளம் காட்டிய பழைய டன்ஸ் எண் போய் புதிய அடையாள எண் வந்ததைக் கவனிக்காதவர்களும் இருந்தார்கள். இதெல்லாம் ஒரு போன் காலில் தீரும் விஷயம், கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே பேசினால்.

"100 சதவீதம் ஏழைகள்" என்ற எண்

தேவையை விளக்கும் பகுதியில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறு இது. "எங்கள் பள்ளியில் 100 சதவீதப் பிள்ளைகள் இலவச மதிய உணவு பெறுகிறார்கள்" என்று எழுதுவார்கள். சமூகத் தகுதி ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து, 2014இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஸ்நாப் எனும் உணவு உதவி போன்ற திட்டங்கள் வழியாக நேரடியாக அடையாளம் காணப்பட்ட பிள்ளைகள் ஓர் அளவுக்கு மேல் இருந்து, பள்ளியும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தால், அந்தப் பள்ளியில் விண்ணப்பப் படிவமே இல்லாமல் எல்லோருக்கும் சாப்பாடு இலவசம். அந்த அளவு முதலில் 40 சதவீதம், 2023இல் 25 ஆகக் குறைத்தார்கள். ஆக 100 சதவீதம் என்பது சாப்பாட்டு ஏற்பாட்டைச் சொல்கிறது, வறுமையை அளக்கவில்லை. விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார், பிறகு வரும் உண்மையான எண்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். நேரடியாக அடையாளம் காணப்பட்டவர்கள் எத்தனை சதவீதம், வீடில்லாத பிள்ளைகள் எத்தனை பேர், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் எத்தனை பேர், அடிக்கடி பள்ளிக்கு வராதவர்கள் எந்த வகுப்பில் அதிகம் என்று உங்கள் பள்ளியின் எண்ணையே கொடுங்கள்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைப் பற்றி மோசமாக எழுதாதீர்கள். "உடைந்த குடும்பங்கள், வன்முறைத் தெருக்கள்" என்று எழுதிய விண்ணப்பம் பொது ஆவணம். அதே பள்ளியின் பத்தாம் வகுப்புப் பெண் அதை இணையத்தில் எடுத்துப் படிக்க முடியும். ஒரு தாய் என் முன்னால் உட்கார்ந்து அப்படி ஒரு பத்தியைப் படித்தார். முடித்ததும் தாளை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, வேறு எதையும் பேசாமல் போய்விட்டார்.

பட்ஜெட்டில் காணாமல் போகும் வரிகள்

மாலை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வகுப்பு. ஆசிரியர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று போட்டுவிடுகிறார்கள். அந்த விகிதம் நாம் தீர்மானிப்பது இல்லை, சங்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன் மேல் முதலாளி பங்காக சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) சேர்ந்து 7.65 சதவீதம். கலிஃபோர்னியா, டெக்சாஸ், இல்லினாய் போன்ற மாநிலங்களில் ஆசிரியர்களில் பெரும்பாலானோர் சோஷியல் செக்யூரிட்டியில் இல்லை. அங்கே கணக்கு வேறு, ஓய்வூதியப் பங்கு வந்து நிற்கும். சரி, இதையெல்லாம் போட்டாயிற்று. கட்டடத்தை ஆறு மணிவரை திறந்து வைப்பவர் யார்? துப்புரவுப் பணியாளரின் ஓவர்டைம், காவலர், ஐந்தரைக்குக் கிளம்பும் பேருந்து, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குத் துணையாக இருக்கும் உதவியாளர்? அந்தப் பிள்ளையும் மாலை வகுப்புக்கு வர உரிமை உள்ளவர். உதவியாளருக்குப் பணம் ஒதுக்காமல் "எல்லோருக்கும் திறந்த திட்டம்" என்று எழுதினால், அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும். நான் மன்னிக்க முடியாத தவறு என்று சொல்வது இந்த ஒன்றைத்தான்.

கிராண்டிலிருந்து மாவட்டத்தின் பொது நிர்வாகத்துக்கு எடுக்கும் செலவு விகிதத்தை மாநிலக் கல்வித் துறை அங்கீகரித்திருக்கும். பல ஃபெடரல் கல்வி கிராண்ட்களில் அதிலும் கட்டுப்படுத்தப்பட்ட குறைந்த விகிதம்தான் செல்லும். தனியார் அறக்கட்டளைகள் தங்கள் வரம்பைத் தாங்களே வைத்திருப்பார்கள். நிதிப் பிரிவில் கேட்டு எழுதுங்கள், ஊகிக்காதீர்கள்.

இனி எல்லோரையும் தடுக்கி விழவைக்கும் விதி. ஃபெடரல் பணம் கூடுதலாகச் செய்வதற்கு. ஏற்கெனவே மாவட்டம் தன் பணத்தில் செய்துகொண்டிருப்பதை அதன் தலையில் கட்டக் கூடாது. போன வருடம் மாவட்டப் பணத்தில் சம்பளம் வாங்கிய வாசிப்பு ஆசிரியரை இந்த வருடம் கிராண்டுக்கு மாற்றினால், தணிக்கையாளர் முதலில் தொடுவது அந்தப் பெயரைத்தான். டைட்டில் 1-க்கு மட்டும் 2015ஆம் ஆண்டு ஃபெடரல் கல்விச் சட்டத்துக்குப் பிறகு சோதனை முறை மாறியிருக்கிறது. மாநில, உள்ளூர்ப் பணத்தைப் பள்ளிகளுக்குப் பிரிக்கும்போது, டைட்டில் 1 வாங்குகிறது என்பதற்காக ஒரு பள்ளிக்குக் குறைத்துவிடவில்லை என்று மாவட்டம் காட்ட வேண்டும். மற்ற பலவற்றில் பழைய கேள்விகளே தொடர்கின்றன. அதே போல, பாதிச் சம்பளம் கிராண்டிலும் பாதி மாவட்டத்திலும் வாங்கும் ஊழியரின் நேரப் பதிவு உண்மையான வேலையைக் காட்ட வேண்டும். ஜூன் மாதம் உட்கார்ந்து பத்து மாதத்துக்குச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் அது பதிவு ஆகாது.

பள்ளிகளின் இணைய வசதிக்கான ஈ-ரேட் என்ற ஃபெடரல் உதவியிலும் ஓர் எளிய விதியில் பலர் வீழ்ந்திருக்கிறார்கள். தேவையை அறிவித்து 28 நாள் காத்திருந்த பிறகே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 27ஆம் நாள் ஒப்பந்தம் போட்டால் மொத்த விண்ணப்பமும் போச்சு.

அளப்போம் என்று எழுதிவிட்டு

"மாணவர்களின் மதிப்பெண் 10 சதவீதம் உயரும்" என்று எழுதுவது சுலபம். எந்தத் தேர்வில், எந்தத் தேதியிலிருந்து, யார் அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுப்பார்? வெளியிலிருந்து வரும் தொண்டு நிறுவனத்துக்கு மாணவர் விவரங்களைக் கொடுக்க மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் வழி வகுக்கிறது, ஆனால் எழுத்தில் ஒப்பந்தமோ பெற்றோர் சம்மதமோ வேண்டும். மாவட்டத்தின் சட்டப் பிரிவு அந்த ஒப்பந்தத்தைப் படிக்க மாதக்கணக்கில் ஆகலாம். கிராண்ட் கிடைத்த பிறகு அதைத் தொடங்கினால், முதல் வருடத்துக்கு ஒப்பிட ஆரம்ப எண்ணே இருக்காது. நான் பார்த்த ஒரு திட்டத்தில் மூன்று வருடமும் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெதையும் காட்ட முடியவில்லை. பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறியிருந்தார்கள், ஆசிரியர்களுக்குத் தெரியும். தாளில் இல்லை.

பெரிய பணம், பெரிய ஊர்

தொகை பெரிதானால் இந்தத் தவறுகள் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். நியூ ஜெர்சி மாநிலத்தின் நுவார்க் நகரக் கதை வேறு சொல்கிறது. 2010 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில், மேயர் கோரி புக்கரும் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியும் பக்கத்தில் இருக்க, அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் தருவதாக மார்க் சக்கர்பெர்க் அறிவித்தார். அதற்கு ஈடாக இன்னொரு 10 கோடி திரட்டும் திட்டம். அந்த ஊர்ப் பெற்றோர் தங்கள் பள்ளிகளுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதைத் தொலைக்காட்சியில் தெரிந்துகொண்டார்கள். ஆலோசகர்களுக்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் போனது. 2013இல் புக்கர் செனட்டுக்குப் போய்விட்டார், அடுத்த மேயர் தேர்தலில் பள்ளிச் சீர்திருத்தமே சண்டைக்குரிய விஷயமாகியிருந்தது. பின்னால் வந்த ஹார்வர்ட் ஆய்வு ஆங்கிலப் பாடத்தில் முன்னேற்றத்தையும், கணக்கில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்பதையும் காட்டியது. அதனால் பணம் முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோரை முதலில் கேட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

ஃபுளோரிடாவில் டாம்பா நகரம் இருக்கும் ஹில்ஸ்பரோ பள்ளி மாவட்டத்துக்கு 2009இல் கேட்ஸ் அறக்கட்டளை 10 கோடி டாலர் தருவதாகச் சொன்னது, ஆசிரியர் மதிப்பீட்டு முறையை மாற்றுவதற்காக. அறக்கட்டளையிடமிருந்து வந்தது 8 கோடி. மாவட்டத்தின் பங்கோ எதிர்பார்த்ததைத் தாண்டி ஏறியது. 2015இல் மாவட்டம் அந்த முறையைக் கைவிட்டது. நம் பங்குக்கு ஈட்டுப்பணம் போடுகிறோம் என்று கையெழுத்திடும் முன், அந்தப் பணம் எந்தக் கோட்டிலிருந்து வரும் என்று கேளுங்கள்.

முடியும் தேதி முதல் நாளே தெரியும்

கொரோனா காலத்தில், 2021 மார்ச் நிவாரணச் சட்டத்தின் கீழ் மட்டும் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 12,200 கோடி டாலர் வந்தது. 2024 செப்டம்பர் 30க்குள் ஒதுக்கி முடிக்க வேண்டும் என்பது முதலிலேயே எழுதப்பட்ட தேதி. ஆனாலும் பல நகரங்கள் அந்தப் பணத்தில் நிரந்தர வேலைகளை உருவாக்கின. நியூயார்க் நகரம் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான 3-கே வகுப்புகளை அதைக்கொண்டு விரிவாக்கியது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பணத்துக்குக் கெடு வந்தது, பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. தேதி இல்லாத பணமும் பத்திரம் இல்லை. 2025 ஜூலை 1 அன்று வர வேண்டிய சுமார் 680 கோடி டாலரை ஃபெடரல் அரசு நிறுத்தி வைத்தது. மாலை நேர மையங்களுக்கான பணமும் அதில் இருந்தது. அந்த மாதத்துக்குள்ளேயே விடுவித்தார்கள், ஆனால் அந்தச் சில வாரங்களில் ஆட்களை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் மாவட்டங்கள் தவித்தன.

"கிராண்ட் முடிந்த பிறகு எப்படித் தொடர்வீர்கள்?" என்ற கேள்விக்கு "வேறு நிதி தேடுவோம்" என்று எழுதுவது பதில் ஆகாது. எந்தப் பகுதி பொது பட்ஜெட்டுக்கு எந்த வருடம் மாறும், எது நின்றுவிடும் என்று எழுதுங்கள். நின்றுவிடும் என்று எழுதுவதில் தவறே இல்லை. அதைப் பெற்றோரிடம் சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

ஜூன் மாதக் கடைசி வாரம், ஒரு பள்ளியின் கதவில் மாலை வகுப்பு செப்டம்பரிலிருந்து இருக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா அதை இன்னொருவரிடம் காட்டி அர்த்தம் கேட்டார். தெரிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஷிஃப்ட் மாற்ற வேண்டுமானால் எங்கள் இடத்தில் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுக்கணும்." கிராண்டின் கடைசித் தேதி எங்கள் அலுவலகச் சுவரில் மூன்று வருடமாக ஒட்டியிருந்தது.