விறகு கீறும் மெஷின் வாங்கும் முன்: நம் பக்கம் அதிகம் நடக்கும் தவறுகள்

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரி மாவட்டத்தில் அடித்து ஓய்ந்தபோது எங்கள் விளையில் (தோட்டத்தில்) பதினேழு மூடு ரப்பர் மரமும் ஒரு பலாவும் சாய்ந்து கிடந்தன. அருமனை, குலசேகரம், களியல் என்று கேரள எல்லை வரைக்கும் எந்த விளையைப் பார்த்தாலும் அதே நிலைதான். தடி (வெட்டுமரம்) எடுக்க வந்தவர்கள் நேரான தடியை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொம்பும் கவையும் (கொம்பு இரண்டாகப் பிரியும் துண்டு) வேர்மூடும் எங்களுக்கே மிச்சம். விறகு கீற (பிளக்க) ஆள் கேட்டால், எல்லா வீட்டிலும் ஆள் தேவைப்பட்ட நேரம் அது, யாரும் கிடைக்கவில்லை.

அந்த அவசரத்தில் ஒரு கடையில் போய்க் கரண்டில் ஓடும் விறகு கீறும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. கரண்ட் திரும்ப வரவே பல நாள் ஆனது. வந்த பிறகு முதல் வாரத்திலேயே பலாக் கவை ஒன்று பிளேடில் பாதி ஏறி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் மாட்டிக்கொண்டது. மெஷினில் குறை சொல்ல முடியாது. எனக்கு எந்த மரம், எவ்வளவு, யார் கீறப்போவது என்று யோசிக்காமல் வாங்கியதுதான் தவறு. அதன் பிறகு சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வாங்கிய மெஷின்களை ஓட்டியும் பார்த்தேன், பழுதும் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரித் தவறுகள் நடப்பதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

மரத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்ப்பது

கடைக்குள் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை டன்?" என்பது, அதாவது எத்தனை டன் பலத்தில் தடியைத் தள்ளும் என்று. உண்மையில் அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். முதலில் வீட்டு விறகுப்புரையில் (விறகுக் கொட்டகையில்) என்ன மரம் கிடக்கிறது என்று பாருங்கள்.

ரப்பர் என்றால் கவலையே இல்லை. இருபத்தைந்து முப்பது வருடம் பால் வெட்டி முடித்து மறுநடவுக்கு முறிக்கும் ரப்பர்தான் குமரி மேற்கில் பெரும்பாலான வீடுகளுக்கு விறகு. வரி (மரத்தின் நார் ஓடும் கோடு) நேராக ஓடும். பச்சையாக இருக்கும்போது கோடாலிக்கே வாய் திறக்கும். சின்ன மெஷினே தாராளம். சவுக்கும் யூக்கலிப்டஸும் பச்சையில் ஒத்துழைக்கும், காய்ந்துவிட்டால் பிடிவாதம் பிடிக்கும். அவற்றை வெட்டிய சூட்டோடு கீறிவிட வேண்டும். மா நடுத்தரம். பலாவில் நேர்த்தடி பரவாயில்லை, கவைதான் பாடு. கவையில் இரண்டு கொம்பின் வரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். பிளேடு எந்த வழியே போனாலும் குறுக்கே ஒரு வரி நிற்கும்.

புளி வேறு கதை. கறிக்கடையில் இறைச்சி வெட்டும் கட்டைக்குப் புளியைத் தேடி வாங்குகிறார்களே, ஏன்? நாளெல்லாம் வெட்டு விழுந்தாலும் அது பிளக்காது என்பதால்தான். அந்த மரத்தைப் பிளக்க ஒரு மெஷின் கேட்டால் பெரிய பெட்ரோல் மெஷின்தான் வேண்டும். எங்கள் ஊரில் விறகு கீறும் வேலையிலேயே வயதான ஒரு அண்ணன் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "மக்களே, புளிய கீறாத. வாளால துண்டு போடு. வட்டு வட்டா அறுத்து வெயில்ல போட்டா அதுவே வெடிக்கும்." அப்படியே செய்து பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. ஒரு மரத்துக்காக மூன்று மடங்கு விலையில் மெஷின் வாங்க வேண்டாம்.

தென்னந்தடியை இந்த மெஷினில் வைக்கவே வேண்டாம். நடுப்பகுதி பஞ்சுபோல நசுங்கும், ஓரத்து நார் விடாது. முந்திரி மரம் கீறுகிறவர்கள் அதன் பட்டையில் ஊறும் கறை தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலருக்குப் பொங்கிவிடும்.

தேவையே இல்லாமல் வாங்குவது

எங்கள் வீட்டில் குளிக்க வெந்நீர், சோறு, எப்போதாவது கிழங்கு அவிப்பது, இவ்வளவுக்குத்தான் விறகு. மற்றது கேஸ். ஒரு நாளைக்குச் சுமார் 5 கிலோ. வருடத்துக்கு 1,800 கிலோ சொச்சம். அதிலும் ஓலை, மட்டை, கொதும்பு, சிரட்டை என்று கீறவே வேண்டாத எரிபொருள் ஒரு பங்கு. மீதியை வாரக் கணக்கில் பிரித்தால் 30 கிலோகூட வராது. ரப்பராக இருந்தால் அரை மணி நேரக் கை வேலை.

அதற்கும் கைக்கருவி சரியாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இருப்பது மரம் வெட்டும் கோடாலி. அதன் வாய் மெலிந்தது; வரிக்குக் குறுக்கே வெட்டுவதற்கு ஆனது. அதைக் கொண்டு விறகு கீறினால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கீறுவதற்கு என்று தனியாக, வாய் ஆப்பு மாதிரி தடித்து, பின்பக்கம் சம்மட்டி மாதிரி இருக்கும் கோடாலி உண்டு. தலை மட்டும் 2.5 கிலோவிலிருந்து 3.5 கிலோ வரை இருக்கும். அதோடு இரும்பு ஆப்பு இரண்டு போதும். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்தால் உடனே கிரைண்டரில் தேய்த்துவிடுங்கள். அந்த விளிம்பு தெறித்தால் நேராகக் கண்ணுக்கு வரும்.

ரப்பர் ஷீட் உலர்த்தப் புகைப்புரை வைத்திருப்பவர்கள், நெல் அவிக்கிறவர்கள், பலகாரம் போட்டு விற்கும் வீடுகள், தோள்வலி முதுகுவலியால் கோடாலி தூக்க முடியாதவர்கள் — இவர்களுக்கு மெஷின் கட்டாயம் உதவும். புயலில் விழுந்த ஒரு லோடு விறகுக்காக என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள டன்னை அப்படியே நம்புவது

சரி, டன் கணக்குக்கு வருவோம். ஹைட்ராலிக் மெஷினில் தள்ளும் பலம் இரண்டே விஷயத்தால் வருகிறது: எண்ணெயின் அழுத்தம், அது தள்ளும் பிஸ்டனின் பரப்பு. இரண்டையும் பெருக்கினால் விடை. சிலிண்டரின் உள் விட்டம் 65 மி.மீ. என்றால் பரப்பு ஏறக்குறைய 33 சதுர செ.மீ. பம்பின் அழுத்தம் 200 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 204 கிலோ. பெருக்கினால் ஆறேமுக்கால் டன். அதே அழுத்தத்தில் 100 மி.மீ. சிலிண்டர் 16 டன் தள்ளும்.

ஆகவே கடைக்காரரிடம் சிலிண்டர் விட்டமும் அழுத்தமும் கேளுங்கள். 65 மி.மீ. சிலிண்டர், 200 பார் என்று சொல்லிவிட்டு ஸ்டிக்கரில் 12 டன் என்று ஒட்டியிருந்தால் அந்த மெஷினை வாங்க வேண்டாம். டன்னிலேயே இப்படி என்றால் மற்றதில் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு 5 முதல் 7 டன் மின்சார மெஷின் போதும், தடி ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்கு, 25 செ.மீ. விட்டத்துக்குள் இருந்தால். அதற்கு மேல் பருமனான பலா, மா, புளி என்றால் 20 டன் பக்கம் போகும் பெட்ரோல் மெஷின். அது 200 கிலோவைத் தாண்டும். மேடும் பள்ளமுமாகப் படிப்படியாக இறங்கும் நம் விளையில் அதை யார் உருட்டுவது? மழைக்காலத்தில் சக்கரம் செம்மண்ணில் இறங்கிவிடும். ரோட்டோரம் வீடு இருப்பவர்களுக்கு மட்டும் அது சரிவரும்.

தடியின் எடையையும் மறக்க வேண்டாம். பச்சை மரம் கிட்டத்தட்டத் தண்ணீர் அளவுக்குக் கனக்கும். 50 செ.மீ. விட்டமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள பலாத் துண்டு 80 கிலோ வரை வரும். படுக்கை மெஷின் மேல் அதைத் தூக்கி வைக்க முடியாது. நிமிர்த்தி நிறுத்தக்கூடிய மெஷின் என்றால் தடியை உருட்டிக்கொண்டுபோய் அடியில் நிறுத்தினால் போதும்.

கூம்புத் திருகு மெஷின்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விலை குறைவு என்பதால் நிறையப் பேர் இதைத்தான் வாங்குகிறார்கள். வெல்டிங் பட்டறையில் செய்தும் கொள்கிறார்கள். மோட்டார் அல்லது டிராக்டரோடு இணைத்த ஒரு இரும்புக் கூம்பு, மேலே திருகு வரி. சுற்றிக்கொண்டிருக்கும் கூம்பில் தடியைக் காட்டினால் அது உள்ளே இழுத்துக்கொண்டு பிளந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஹைட்ராலிக் மெஷினில் லிவரை விட்டால் பிளேடு நிற்கும். இந்தக் கூம்பில் கையை எடுத்தாலும் சுற்று நிற்காது. தடிக்கு அடியில் தடுப்பு சரியாக இல்லை என்றால் கூம்போடு சேர்ந்து தடியும் சுழன்று அடிக்கும். அதைவிடப் பயம் துணி. நாம் விளையில் வேலை செய்வது சாரம் (கைலி) கட்டி, தோளில் துவர்த்து (துண்டு) போட்டு. பெண்கள் சேலையோடும் நைட்டியோடும் நிற்கிறார்கள். துணியின் ஒரு நுனி அந்தத் திருகில் பட்டால் ஆளை இழுத்துவிடும், ஸ்விட்சைத் தேடக்கூட நேரம் இருக்காது. கையுறையும் இதில் ஆபத்துதான். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் துவர்த்து மாட்டி, அது பழைய துணியாக இருந்ததால் கிழிந்துபோய்த் தப்பித்தார். புதுத் துணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு இதை வாங்காதீர்கள். காசு போதவில்லை என்றால் கோடாலியோடு இன்னொரு வருடம் காத்திருங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது

ஹைட்ராலிக் மெஷினில் விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒருவர் தடியை வைக்கிறார், இன்னொருவர் லிவரைத் தள்ளுகிறார். "வச்சாச்சா?" என்று கேட்பதற்குள் கை தள்ளிவிடும். தடி வைக்கிறவரே லிவரையும் பிடிக்க வேண்டும். மற்றவர் கீறிய விறகை எடுத்து அடுக்கட்டும், மெஷின் பக்கம் வர வேண்டாம். நல்ல மின்சார மெஷின்களில் ஒரு கை ஸ்விட்சிலும் ஒரு கை லிவரிலும் இருந்தால் மட்டுமே ஓடும்படி வைத்திருப்பார்கள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒன்றைக் கயிற்றால் கட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு கைக்கும் வேலை வைக்காத மெஷினை வாங்கவும் வேண்டாம்.

கரண்ட், வயர், எண்ணெய்

2 கிலோவாட் பக்கம் உள்ள மோட்டார் ஓடும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். அதை மிக்ஸி பிளக்கில் சொருகக் கூடாது; 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். விறகுப்புரை வீட்டிலிருந்து தள்ளி இருப்பதால் 30 மீட்டர் வயர் இழுக்கிறோம். 1 சதுர மி.மீ. வயர் என்றால் ஓடும்போதே 13 வோல்ட் வரை வழியில் போய்விடும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் இழுவை பல மடங்கு. சாயங்காலம் ஏற்கெனவே வோல்ட்டேஜ் குறைந்த ஊரில் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகும். அப்புறம் மெஷின் மோசம் என்று சொல்லுவோம். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் இழப்பு 5 வோல்ட்டில் நிற்கும். ஈர மண்ணில் நின்று செய்யும் வேலை என்பதால் எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சும் கட்டாயம்.

சின்ன மெஷின்களில் எண்ணெய்த் தொட்டியின் மேல் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். ஓட்டும் முன் அதைத் தளர்த்த வேண்டும், தூக்கிக்கொண்டு போகும்போது இறுக்க வேண்டும். இதைத் தளர்த்தாமல் ஓட்டினால் உள்ளே அடைபட்ட காற்று அழுந்தி சீல் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்) போய்விடும். வாரண்டிக்குப் போகும் மெஷின்களில் நான் பார்த்ததில் பாதி இந்தத் திருகால்தான். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றுங்கள். ஹோஸில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலுக்குள் ஏறிவிடும். அது ஆபரேஷன் வரை போகும் காயம். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

தடி மாட்டிக்கொண்டால் லிவரைப் பிடித்தபடியே நிற்கக் கூடாது. சில வினாடிக்குள் பிளக்கவில்லை என்றால் விட்டுவிட்டு, தடியைத் திருப்பிக் கணு இல்லாத பக்கமாக வையுங்கள்.

கீறும் காலம்

நமக்கு இடவப்பாதியும் (வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நடுவே விறகு காய வெயில் கிடைப்பது தை முதல் சித்திரை வரைதான். மெஷின் வாங்குவதாக இருந்தால் மார்கழியிலேயே வாங்கி, தை, மாசியில் கீறி அடுக்கிவிட வேண்டும். உருட்டாகப் போட்ட தடியில் பட்டை ஈரத்தை விடாது, கீறினால்தான் காயும். ரப்பரை மட்டும் வருடக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டாம். அதில் மாவுச்சத்து அதிகம், வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும்.

கடைக்கு வெறும் கையோடு போவது

கடையில் ஓட்டிக் காட்டுவதற்கு என்று நேரான, கணு இல்லாத, சின்னத் தடி வைத்திருப்பார்கள். எந்த மெஷினும் அதைப் பிளக்கும். நீங்கள் உங்கள் விளையிலிருந்தே இரண்டு துண்டு கொண்டுபோங்கள்: ஒன்று ரப்பர், இன்னொன்று நீங்கள் வழக்கமாக எரிக்கும் மரத்திலேயே மோசமான கவை. வீட்டில் மெஷின் ஓட்டப்போவது மனைவியோ அம்மாவோ என்றால் அவர்களையும் கூட்டிப் போய் லிவரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், உயரம் எட்டுகிறதா என்று. இந்த மெஷினுக்கு சீல் கிட் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கிடைக்குமா என்று கேட்டு, ஒரு செட்டை அப்போதே விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தடியை வைத்து ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால், தடியை வண்டியில் திரும்ப ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.