கமிட்டி போடும்போது தீர்மானத்தை இப்படி எழுதுங்கள்

"இதை ஒரு கமிட்டியிடம் விடலாமே" என்று கூட்டத்தில் யாராவது சொன்னதும் நான் பேனாவைத் திறந்துவிடுவேன். செயலாளராகப் பல வருஷம் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதியவன் நான். கமிட்டி உருப்படுமா இல்லையா என்பது அதைப் போடும் தீர்மானத்தின் வாசகத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

கமிட்டிக்கென்று சொந்த அதிகாரம் கிடையாது. பொதுக்குழு எதைக் கொடுத்ததோ அதுதான். ஆராயச் சொன்னால் ஆராய்ந்து பரிந்துரைக்கலாம். பணம் செலவழிக்கவோ, சங்கத்தின் பெயரில் வெளியாருக்கு வாக்குக் கொடுக்கவோ முடியாது. காரியத்தை முடிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே என்றால் அதை எழுத்தில் கொடுங்கள்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "சந்தாத் தொகையை மாற்ற வேண்டுமா என்று ஆராய்ந்து பரிந்துரைக்க, தலைவர் நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட கமிட்டி அமைக்கப்படுகிறது. அது அடுத்த மாதக் கூட்டத்தில் அறிக்கை தர வேண்டும்."

அந்தக் கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட விதிகளைப் பின்பற்றும் சங்கங்களில், ஒரு விஷயம் கமிட்டியிடம் இருக்கும்வரை பொதுக்குழு அதே விஷயத்தைத் தனியாக எடுத்துப் பேச முடியாது. நடுவில் திரும்பப் பெற, முன்னறிவிப்பு கொடுக்காவிட்டால், பதிவாகும் ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆனால் கெடு விதித்திருந்து, அதற்குள் அறிக்கை வராவிட்டால் சாதாரணப் பெரும்பான்மையே போதும். நல்ல யோசனைகள் கிடப்பில் போவதைத் தடுக்க இந்த ஒரு வரி போதும். உங்கள் சங்கத்தின் சொந்த விதிகள் வேறு மாதிரி சொன்னால் அவைதான் செல்லும்; முதலில் அவற்றைப் புரட்டிப் பாருங்கள்.

யாரைப் போடுவது? முடிவான வேலையைச் செய்ய மட்டும் என்றால் சின்ன கமிட்டி போதும், எல்லோரும் அந்த வேலையில் நம்பிக்கை உள்ளவர்களாக இருக்கட்டும். ஆராய்ந்து சொல்ல என்றால் ஆள் கூடினாலும் பரவாயில்லை, எல்லாத் தரப்பும் உள்ளே வரட்டும். எதிர்ப்பவர்களை வெளியே நிறுத்தினால் கமிட்டியில் நடக்க வேண்டிய வாதம் முழுவதும் மறுபடி பொதுக்குழுவில் நடக்கும். பெயர்களை வாசிக்கும் வரிசையும் முக்கியம்: கமிட்டித் தலைவர் யார் என்று தனியாகச் சொல்லாவிட்டால், முதல் பெயருக்கு உரியவர்தான் கமிட்டியைக் கூட்ட வேண்டியவர். சங்கத் தலைவர் எல்லாக் கமிட்டியிலும் தானாகவே உறுப்பினர் என்று நினைப்பது தப்பு. விதியில் எழுதியிருந்தால்தான் அப்படி.

கமிட்டிக்குள் கெடுபிடி குறைவு. உட்கார்ந்தபடியே பேசலாம், முன்மொழிந்ததை வழிமொழிய ஆள் வேண்டாம், கமிட்டித் தலைவரும் முன்மொழியலாம், ஓட்டும் போடலாம். கோரம், அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், பாதிக்கு மேல். ஐந்து பேரில் மூன்று பேர். ஆனால் கூட்டமே போடாமல் மூன்று பேரிடம் போனில் "சரிதானே?" என்று கேட்டு அறிக்கை எழுதக் கூடாது. கூடவே முடியாத நிலை என்றால், ஒருவர் விடாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டதை மட்டும் எழுதலாம்.

அறிக்கை வரும் நாளில் கவனமாக இருங்கள். வாசித்து முடித்ததும் "அறிக்கை ஏற்கப்பட்டது" என்று மினிட்ஸில் எழுதுவது பல இடங்களில் பழக்கம். அப்படி ஓட்டெடுத்து ஏற்றால், அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும், யாரோ ஒருவரைக் குறை சொல்லும் பத்தி உட்பட, சங்கத்தின் கருத்தாகிவிடும். வாசித்ததைக் கேட்டுக்கொண்டால் போதும், அதற்கு ஓட்டு வேண்டாம். அறிக்கையின் முடிவில் வாசிப்பவர், "கமிட்டியின் சார்பில் இதை முன்மொழிகிறேன்" என்று பரிந்துரையை மட்டும் தீர்மானமாக வைக்கட்டும். கமிட்டியில் ஒருவருக்கு மேல் இருந்தால் வழிமொழிய ஆள் தேவையில்லை. ஏற்கனவே பலர் ஒப்புக்கொண்டுதானே வந்திருக்கிறது! பிறகு விவாதம், திருத்தம், ஓட்டு. கமிட்டியில் தோற்ற உறுப்பினரும் இங்கே எழுந்து எதிர்த்துப் பேசலாம். தனியாக மாற்று அறிக்கை வாசிக்க மட்டும் பொதுக்குழுவின் அனுமதி வேண்டும்.

நிரந்தரமாக அமைத்த கமிட்டியான நிலைக்குழு தொடர்ந்து இருக்கும். ஒரு வேலைக்காகப் போட்ட கமிட்டியோ இறுதி அறிக்கை தந்ததுமே கலைந்துவிடும், தனியாகத் தீர்மானம் தேவையில்லை. அதே ஆட்கள்தான் பரிந்துரையை நிறைவேற்றவும் வேண்டும் என்றால், அந்தக் கூட்டத்திலேயே புதிய தீர்மானம் போட்டு, புதிய கெடுவுடன் நியமியுங்கள்.