ஈ.சி.ஆர். போடுவது எப்படி: பென்ஷன் கட்டத்தில் தடுக்கி நிற்பவர்களுக்கு

சின்ன கம்பெனிகளில் கணக்கு பார்ப்பவர் தலையிலேயே பி.எஃப். வேலையும் வந்து விழும். ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஈ.சி.ஆர். என்ற மாதாந்திர பி.எஃப். ரிட்டர்னும் பணமும் போயாக வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 12% வட்டி, அதற்கு மேல் அபராதம். போர்ட்டல் லாகின், டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: சேரும் நாளிலேயே படிவம் 11

புதிதாகச் சேருபவர் தன் பழைய பி.எஃப்., பென்ஷன் விவரத்தை எழுதித் தருவதுதான் படிவம் 11. எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சம்பளத்தில் 12% என்று முதலாளி கட்டுவது அப்படியே பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதில் சம்பளத்தின் 8.33% பென்ஷன் திட்டத்துக்குப் போகும். ஆனால் 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் இந்தக் கணக்கு. அதாவது மாதம் 1,250-க்கு மேல் போகாது. மீதிதான் பி.எஃப்.

எல்லோருக்கும் 1,250 போட்டுவிடலாமா? கூடாது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாக பி.எஃப்-இல் சேருபவரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000-ஐத் தாண்டினால், அவருக்குப் பென்ஷன் திட்டமே கிடையாது. முதலாளி பங்கு முழுவதும் பி.எஃப்-க்குப் போக வேண்டும். அதே சம்பளத்தில் சேரும் இன்னொருவர் பழைய கம்பெனியிலேயே பென்ஷன் உறுப்பினராக இருந்து, அந்தப் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால், அவருக்கு 1,250 தொடரும்.

சம்பளத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. படிவம் 11-இல் இதைக் கேட்கிறார்கள், ஆனால் பலர் யோசிக்காமல் டிக் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். நான் படிவத்தோடு பழைய பாஸ்புக்கின் பி.டி.எஃப்-ஐயும் கேட்டு வாங்கிவிடுவேன். பென்ஷன் பங்கு என்ற கட்டத்தில் மாதா மாதம் தொகை விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இங்கே நேரும் தவறு அந்த மாதமே தெரியாது. வருடங்கள் கழித்து அவர் பணம் எடுக்கப் போகும்போதுதான் கிளெய்ம் திரும்பி வரும். தகுதி உள்ளவருக்குக் கட்டாமல் விட்டாலோ, பென்ஷனுக்குத் தேவையான பத்து வருட சர்வீஸில் அந்த மாதங்கள் சேராது. நஷ்டம் தொழிலாளிக்கு.

படி 2: எக்செல் ஷீட்

சம்பள சாஃப்ட்வேரே பைலைத் தயாரித்துத் தரும். ஆனாலும் ஐம்பது பேர் வரை சொந்த எக்செல் ஷீட்தான் நல்லது என்பேன். எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். யூ.ஏ.என். (ஒவ்வொரு உறுப்பினருக்கும் உள்ள பி.எஃப். எண்) கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 12 இலக்க எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும்.

மொத்தச் சம்பளம் 28,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 22,000, மீதி வீட்டு வாடகைப்படி என்று வைத்துக்கொள்வோம். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கும் கம்பெனி. யூ.ஏ.என்., பெயர் இரண்டுக்கும் பிறகு வரி இப்படி வரும்:

28000#~#22000#~#15000#~#15000#~#2640#~#1250#~#1390#~#0#~#0

பென்ஷன் இல்லாதவருக்கு:

28000#~#22000#~#0#~#15000#~#2640#~#0#~#2640#~#0#~#0

முதல் இரண்டு எண்கள் மொத்தச் சம்பளமும் பி.எஃப். சம்பளமும். மூன்றாவது எண் பென்ஷனுக்கான சம்பளம். நான்காவது இன்ஷூரன்ஸுக்கானது, பென்ஷன் இல்லாதவருக்கும் அது உண்டு, அதைப் பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள். அடுத்த மூன்றும் தொழிலாளியின் பங்கு, பென்ஷன் பங்கு, முதலாளி பங்கில் பி.எஃப்-க்குப் போகும் மீதி. கடைசிக்கு முந்தையது சம்பளம் இல்லாத நாட்கள். கடைசியில் இருப்பது முன்பணம் திருப்பிக் கட்டியது, பெரும்பாலும் பூஜ்யம்தான்.

நோட்பேடில் ஒட்டி, டெக்ஸ்ட் பைலாகச் சேமியுங்கள்.

படி 3: அப்ரூவ் கொடுக்கும் முன்

பைலை ஏற்றியதும் சுருக்கம் வரும். அதில் கணக்கு எண் 10 என்பது பென்ஷன். எல்லோரும் 15,000-க்கு மேல் வாங்கி முழு மாதமும் வேலை பார்த்திருந்தால், அந்தத் தொகையை 1,250-ஆல் வகுத்துப் பாருங்கள். பென்ஷன் உறுப்பினர் எண்ணிக்கை வர வேண்டும். வரவில்லையா, ஷீட்டுக்குத் திரும்புங்கள். சரியாக இருந்தால் அப்ரூவ், சலான், நெட் பேங்கிங். அவ்வளவுதான்.

படி 4: விலகியவர்கள்

வேலையை விட்டவரின் விலகல் தேதியையும் காரணத்தையும் கடைசிப் பங்கு கட்டிய கையோடு போர்ட்டலில் பதிந்துவிடுங்கள். தேதி இல்லாவிட்டால் அவரால் பணத்தை எடுக்கவும் முடியாது, புதிய கம்பெனிக்கு மாற்றுவதும் இழுக்கும். கடைசிப் பங்கு விழுந்து இரண்டு மாதம் ஆனபின் அவரே பதியலாம் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு நிமிட வேலைக்கு ஒருவரை இரண்டு மாதம் காக்க வைப்பது நியாயமில்லை.

பின்சேர்க்கை

58 வயது ஆனவரைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். பொதுவாக அந்த வயதோடு பென்ஷன் பங்கு நின்றுவிடும், பி.எஃப். தொடரும். பென்ஷன் சம்பளத்தைப் பூஜ்யம் ஆக்கி, 12% முழுவதையும் பி.எஃப்-க்கு மாற்றுங்கள். ஷீட்டில் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் வைத்து, 58 நெருங்கும் வரியில் நிறம் மாறும்படி செய்து வைத்தால் யாரையும் தவற விட மாட்டீர்கள்.