கணையப் புற்றுநோய்க்கு ஐந்தே தடவை கதிர்வீச்சு: ஆய்வில் சேருமுன்

கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு ஆய்வுக்கு டாக்டர் ஒப்புதல் படிவம் கொடுத்தால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

நோய் கணையத்தோடு நிற்கிறதா, கல்லீரலுக்குப் பரவிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டதால் அறுவை செய்ய முடியாத, ஆனால் வேறெங்கும் பரவாத கட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் இந்த முறையைச் சோதிக்கிறார்கள். குலுக்கல் முறையா என்றும் கேளுங்கள். அப்படியானால் கீமோ மட்டும் பெறும் குழுவும் உங்களுக்கு விழலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்காது.

2016-ல் வெளியான எல்ஏபி 07 என்ற ஆய்வில் 54 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) சிறுசிறு பங்காக ஆறு வாரம் கொடுத்தார்கள். கீமோவை மட்டும் தொடர்ந்தவர்களைவிட ஆயுள் கூடவில்லை. இப்போது சோதிப்பது 5 தடவையில் 50 கிரே. தடவைக்கு 10 கிரே என்பதால் கட்டிக்கு விழும் அடி மிகப் பலமானது.

பக்கத்திலேயே சிறுகுடலின் தொடக்கப் பகுதி கணையத்தின் தலையை வளைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன்மேல் இந்த அளவு பட்டால் புண்ணாகும், ரத்தம் கசியும். நாங்கள் சொல்லும் கட்டுப்பாடுகள் எல்லாம் இதற்காகத்தான். சொன்ன நேரத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீர்கள். வயிறு உப்பினால் குடல் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. மூச்சோடு கணையமும் மேலும் கீழும் போய்வரும். அதனால் மூச்சை ஒரே அளவில் நிறுத்தப் பழகுங்கள். ஆழமாக இழுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே அளவு வந்தால் போதும். பயிற்சியில் ஒரு அம்மா முழு மூச்சையும் இழுத்துத் திணறினார். பாதி மூச்சில் நிறுத்தச் சொன்னதும் திரையில் மூச்சைக் காட்டும் கோடு அசையாமல் நின்றது. முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவோம்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம் என்றால் பேஸ்மேக்கர், உடலிலுள்ள உலோகம் எதையும் மறைக்காதீர்கள். அன்றன்றைக்கு கதிர்வீச்சுத் திட்டத்தைத் திருத்துவதால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் படுத்திருக்க நேரும். முதுகு வலி இருந்தால் வலி மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முடிந்த பிறகு, ஸ்கேனில் கட்டி சுருங்கவில்லையே என்று உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். செத்த திசு தழும்பாக அப்படியே தெரியலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, பித்தக்குழாயில் ஸ்டென்ட் இருப்பவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.