ஓட்டு இல்லாத வருடங்களில் நியூ ஜெர்சி

நான் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் அப்பா போனில் கேட்டார்: "அங்க முதலமைச்சர் யாருப்பா?" கவர்னர் பெயரைச் சொன்னேன். "கவர்னர் சரி, முதலமைச்சர்?" என்றார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று புரியவைப்பதற்குள் காலிங் கார்டில் காசு தீர்ந்துவிட்டது.

ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பிவைப்பவர். இங்கே கவர்னர்தான் முதலமைச்சர், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாஷிங்டனால் அவரை நியமிக்கவும் முடியாது, கலைக்கவும் முடியாது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தாலும் ஆட்சி கவிழாது, நான்கு வருடம் அவர்தான். அதிலும் நியூ ஜெர்சியின் 1947 அரசியல் சட்டம் கவர்னருக்குத் தாராளமாகவே அள்ளிக் கொடுத்திருக்கிறது. பல மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலுக்கும் (அரசின் தலைமை வக்கீல்) நீதிபதிகளுக்கும் தேர்தல் நடக்கும். இங்கே கவர்னர் பெயர் சொல்வார், மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புக்கொண்டால் போதும். இந்தத் தேர்தலும் ஒற்றைப்படை ஆண்டில் வரும்: 2021, 2025, அடுத்தது 2029.

அரசியல் சட்டப் பட்டியல்களில் சொல்லாத அதிகாரம் எல்லாம் இந்தியாவில் மத்திய அரசுக்குப் போகும். இங்கே தலைகீழ். 1791இல் வந்த பத்தாவது திருத்தத்தின்படி, மத்திய அரசுக்கு எழுதிக் கொடுக்காதது மாநிலங்களுக்கோ மக்களுக்கோதான். அதனால் உங்கள் விசா வாஷிங்டன் விஷயம். லைசென்ஸ், பள்ளிக்கூடம், வீட்டு வரி எல்லாம் மாநிலமும் உள்ளூரும் பார்த்துக்கொள்பவை.

மாநில அரசை நீங்கள் முதலில் நேரில் சந்திப்பது லைசென்ஸ் வாங்கப் போகும் எம்விசி என்கிற மோட்டார் வாகன அலுவலகத்தில்தான். ஒவ்வொரு அடையாளக் காகிதத்துக்கும் இத்தனை பாயிண்ட் என்று கணக்கு உண்டு; பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு என்று ஆறு பாயிண்ட்டுக்குச் சேர்த்து, முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, வரிசையில் கால் கடுக்க நின்று கவுண்ட்டருக்குப் போவீர்கள். அங்கே வாக்காளர் பதிவு பற்றியும் ஒரு கேள்வி வரும். 2018 முதல் இங்கே லைசென்ஸ் வேலையோடு வாக்காளர் பதிவும் தானாக நடக்கிறது, தகுதியுள்ளவர் வேண்டாம் என்றால்தான் விடுவார்கள். நீங்கள் எச்1பி வேலை விசாவோ எஃப்1 மாணவர் விசாவோ, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டோ, எதுவானாலும் பதில் ஒன்றுதான்: குடிமகன் இல்லை. அலுப்பில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடிக்கும் பழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது, 1996 குடியேற்றச் சட்டப்படி, நாடு கடத்தும் அளவுக்குப் போகிற குற்றம். பல வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று அந்தப் படிவம் கேட்கும். தவறிப்போய் வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டால் சும்மா டிராயரில் போடாதீர்கள். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்துக்கு எழுதி ரத்து செய்யுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடமும் காட்டுங்கள்.

அப்புறம் ஜூரி அழைப்பு, அதாவது நீதிமன்ற வழக்கில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களைக் கூப்பிடும் கடிதம். லைசென்ஸ் வைத்திருப்பவர், மாநில வருமான வரி கட்டுபவர் பட்டியல்களிலிருந்தும் பெயர் எடுப்பதால் அது நமக்கும் வரும். பயப்பட ஒன்றுமில்லை, குப்பையிலும் போட வேண்டாம். குடிமகன் இல்லை என்று பதில் அனுப்பினால் முடிந்தது.

நம்மாள் ஒருவர் தேர்தலில் நிற்கிறார் என்று யாராவது நிதி கேட்டு வருவார்கள். முகதாட்சண்யத்துக்காக ஐம்பது டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் டவுன்ஷிப் தேர்தலுக்குக்கூட நன்கொடை தரக் கூடாது. சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம், கதவு தட்டலாம்.

சரி, ஓட்டில்லாதவனுக்கு இங்கே என்ன இருக்கிறது? 1880களில் சான் பிரான்சிஸ்கோவில் யிக் வோ என்று ஒரு சலவைக்காரர். சீனாவிலிருந்து வந்தவர், குடியுரிமை இல்லை. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று நகரம் சட்டம் போட்டது. விண்ணப்பித்த இருநூறு சீனர்களுக்கும் இல்லை என்றார்கள், மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தார்கள். யிக் வோ உச்ச நீதிமன்றம் வரை போய் 1886இல் ஜெயித்தார். சம பாதுகாப்பு பற்றிப் பேசும் பதினான்காம் திருத்தத்தின் வாசகத்தில் இருப்பது 'நபர்' என்ற சொல், 'குடிமகன்' அல்ல. அந்த ஒரு சொல்லின் நிழலில்தான் நாமும் நிற்கிறோம்.

வாஷிங்டன் சண்டையை டிவியில் பார்த்து ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்வதைவிட, ஒரு மாலை உங்கள் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போங்கள். வீட்டு வரி பில்லில் பள்ளிக்கூடத்தின் பங்கு பெரும்பாலும் பாதியைத் தொடும். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எங்கள் ஊரில் தலைக்கு மூன்று நிமிடம். போன குளிர்காலத்தில் ஒரு தமிழ்ப் பெண், கணவரின் விசாவில் வந்து நான்கே மாதம் ஆனவர், மைக் முன்னால் போய் நின்றார். பெயரும் தெருவும் கேட்டார்கள், வேறு எதுவும் கேட்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் நடைபாதை இல்லை, பிள்ளைகள் பனிக்குவியலின் மேல் நிற்கிறார்கள் என்று போனில் எடுத்த படத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். போர்டு உறுப்பினர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தத் தெரு என்று மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டார்.