களுவாஞ்சிகுடிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடி, கல்லாறு, குருக்கள்மடம் என்று வீடு தேடி வருகிற ஆசிரியர்களும் தாதிமாரும் வங்கிக்காரரும் வருசா வருசம் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். புதிதாக வந்தபோது நானும் விழுந்த குழிதான், அதனால் பார்க்கப் பார்க்க எரிச்சல். கதவு பூட்டுதா, கூரை ஒழுகுதா என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யார் பெயரில் வீடு என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

இங்கே வீடு பெண் பிள்ளைக்கு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரை நெடுக, தமிழர் முஸ்லிம்கள் இரு பக்கமும் இதுதான் வழக்கம்: தகப்பன் மகளுக்கென்று வீடு கட்டுவார், கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வருகிறவருக்கு இது பிடிபடாது, சாரத்தோடு உட்கார்ந்து வாடகை பேசுகிற ஐயாதான் சொந்தக்காரர் என்று நினைத்து ஆறு மாதக் காசை அவர் கையில் வைத்துவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியத் தம்பதி அப்படித்தான் ஒரு வருசத்துக்கென்று பேசிக் கொடுத்தார்கள். "என்ன மனே பயம், நம்மட வீடுதானே" என்றார் ஐயா. அவர் பொய் சொல்லவில்லை, அவர் மனதில் அது நம்மட வீடுதான், ஆனால் உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், இரண்டாவது மகளின் பெயரில் இருந்தது. சில மாதத்தில் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தி, தையில் கலியாணம், பெயின்ட் அடிக்க வேண்டும், இந்த மாதத்தோடு எழும்புங்கள் என்றாகிவிட்டது. அட்வான்ஸ் அதற்கு முன்னமே சீமெந்தும் கம்பியுமாகப் பின்பக்கத்து அறைக்குள் போய்விட்டது. "மறுகா தாறன் மனே" என்று ஐயாயிரம் ஐயாயிரமாக அது வந்து முடிய எவ்வளவோ காலம் எடுத்தது; கார்த்திகை மழையில் கைக்குழந்தையோடு அவர்கள் வேறு வீடு தேடி அலைந்ததுதான் மிச்சம்.

அவர்களிடம் ஒப்பந்தத் தாள் இருந்தது, முத்திரை ஒட்டி, சமாதான நீதவானின் (ஜேபி) சீலும் குத்தி. அதைக் கண்டதும்தான் எனக்குக் கோபமே வந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். ஜேபி சீல் எத்தனை குத்தினாலும் அது நொத்தாரிசு எழுத்தாகாது. நொத்தாரிசிடம் போனால் இன்னொரு நன்மை, அவர் முதலில் உறுதியைத்தான் கேட்பார்.

அதனால் உறுதியின் போட்டோகொப்பியைக் கேளுங்கள். தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து மகளுக்கு எழுதியிருந்தால் அவர்கள் வாடகைக்குத் தரலாம். இல்லையென்றால் மகள் ஒப்பமிட வேண்டும், அவர் கட்டாரில் இருந்தால் தன் சார்பில் ஒப்பமிடும் அதிகாரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பல காணிகளுக்கு உறுதி இல்லை, அரசாங்கம் கொடுத்த பெர்மிட்தான். அதிலும் பெயரைப் பாருங்கள். அப்புறம் நேரடியாகவே கேளுங்கள், "மகளுக்குக் கலியாணம் பேசுறீங்களா?" என்று. இங்கே யாரும் கோபிக்க மாட்டார்கள், தேத்தண்ணி தந்து சாதகம் பொருந்தாத கதை முழுவதையும் சொல்வார்கள். எழும்பச் சொல்ல எத்தனை மாத அவகாசம், அட்வான்ஸ் எந்த நாளில் திரும்பும், இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

கோடையில் பார்த்து முடிவெடுப்பது

ஆவணியில் எல்லா வளவும் அழகுதான். மாரி இங்கே ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை போகும். 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் எந்தப் படி வரை ஏறின என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். ஒழுங்கைக்குள் ஓட்டோ வருமா என்பதையும் அவரே சொல்வார்.

கிணறு

ஒரு வாய் குடித்துப் பாருங்கள், சவரா இல்லையா என்று தெரிந்துவிடும். மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள், பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து. இது மணல் நிலம், எல்லாம் கீழே ஊறும். குழாய்நீர் இருக்கிறது என்றால் பைப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் பில்

கடைசி பில்லைக் காணாமல் சாவி வாங்காதீர்கள். நிலுவை வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், இருட்டில் இருப்பது நீங்கள்.

கிராம சேவகர்

வந்த வாரமே போய்ப் பதியுங்கள், வீட்டுக்காரர் "அது என்னத்துக்கு" என்றாலும் சரி.