ஒரு சிட்டிகை உப்பிலிருந்து ஜெல்டா தியரி கட்டுவது எப்படி?

ஜெல்டா வீடியோ கேம் தொடரில் வரும் ப்ரெத் ஆஃப் த வைல்ட் விளையாட்டில் பாறையை உடைத்தால் சில சமயம் பாறை உப்பு கிடைக்கும். சமையலுக்கு ஆகும் என்று பையில் போட்டுக்கொண்டு போய்விடுவோம். அடுத்த முறை அதன் குறிப்பைப் படியுங்கள்: பழங்காலக் கடலில் விளைந்த உப்பு என்று சொல்லும். இத்தனை மலையும் புல்வெளியும் உள்ள ஹைரூல் நாட்டில் கடல் எப்போது இருந்தது? நல்ல தியரி, அதாவது கதை சொல்லாமல் விட்டதை ரசிகர்கள் ஊகிப்பது, இப்படி ஒரு சின்னக் கேள்வியில்தான் தொடங்கும்.

படி 1: கிளைகளை வரையுங்கள்

நோட்டில் இதே தொடரின் பழைய விளையாட்டான ஒகரினா ஆஃப் டைம் (1998) என்று எழுதி மூன்று கோடு இழுங்கள். தொடரின் காலவரிசை அங்கே மூன்று கிளைகளாகப் பிரிவதாக 2011-ல் வந்த ஹைரூல் ஹிஸ்டோரியா புத்தகம் காட்டுகிறது. ஒன்றில் கதாநாயகன் லிங்க் தோற்றுப்போகிறான். இன்னொன்றில் சிறுவனாகத் திரும்பிப் போகிறான். ட்விலைட் பிரின்சஸ் விளையாட்டு அந்த வழியில் வருகிறது. மூன்றாவது, அவன் விட்டுப்போன எதிர்காலம். விண்ட் வேக்கர் விளையாட்டில், தெய்வங்கள் அனுப்பிய வெள்ளத்தால் ஹைரூல் கடலுக்கடியில் கிடப்பது அங்கேதான்.

படி 2: உப்புக்குத் துணை தேடுங்கள்

ஒரு சாட்சி போதாது. ப்ரெத் ஆஃப் த வைல்டில் வரும் இலைமுகக் குட்டி உயிர்களான கோரோக்குகளைப் பாருங்கள். ஒகரினாவில் காட்டுச் சிறுவர்களாக இருந்த கோகிரிகள் கடல் வந்தபின் எடுத்த உருவம் அது என்று விண்ட் வேக்கர் சொல்கிறது. பறவை வடிவ இயந்திரமான வா மேடோவின் பெயர் விண்ட் வேக்கரில் வரும் மெட்லி என்ற பெண்ணை நினைவூட்டுகிறது. அப்புறம், நீரில் வாழும் சோரா இனத்தாரின் கல்வெட்டு ஒன்று, ஒகரினாவில் வரும் அவர்களின் இளவரசி ரூட்டோ ஞானியாக விழித்து வீரனோடு சேர்ந்து போரிட்டதைச் சொல்கிறது. லிங்க் சிறுவனாகத் திரும்பிய கிளையில் அது நடக்கவே இல்லை. எனக்கு இதுதான் இருப்பதிலேயே வலுவான சாட்சி.

படி 3: நீங்களே உடைத்துப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற படி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள். விண்ட் வேக்கரில் சோராக்களின் வழித்தோன்றல்கள்தான் பறவை மனிதர்களான ரிட்டோக்கள். ப்ரெத் ஆஃப் த வைல்டில் இரண்டு இனமும் ஒரே காலத்தில் வாழ்கின்றன. லிங்கை வாழ்த்தும் சடங்கில் இளவரசி ஜெல்டா சொல்லும் வரிகளில் அந்திப்பொழுதும் வருகிறது. அது ட்விலைட் பிரின்சஸின் கிளைக்கு இழுக்கிறது. அந்த உப்பும்கூட முழுச் சாட்சி இல்லை. நம் கடைகளில் விற்கும் இந்துப்பும் பழங்கடல் வற்றிப் படிந்ததுதான். அதற்குத் தெய்வங்கள் அனுப்பிய வெள்ளம் தேவைப்படவில்லை.

எல்லாக் கிளைகளும் பிற்பாடு ஒன்றாகிவிட்டன என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் எதைக் கொண்டுவந்தாலும் பொருந்துகிற விளக்கத்தை நான் சுலபத்தில் நம்பமாட்டேன்.

படி 4: எழுதுங்கள்

விளையாட்டில் நேரடியாக இருப்பதை ஒரு நிறத்திலும், உங்கள் ஊகத்தை வேறு நிறத்திலும் எழுதுங்கள். உப்பின் குறிப்பு முதல் நிறம். அந்தக் கடல் விண்ட் வேக்கரின் கடல் என்பது இரண்டாம் நிறம். பொருந்தாத ரிட்டோவையும் மறைக்காமல் சேருங்கள். 2018-ல் இந்தத் தொடரை உருவாக்கும் நிண்டெண்டோ ப்ரெத் ஆஃப் த வைல்டைக் காலவரிசையின் கடைசியில் வைத்தது, ஆனால் எந்தக் கிளையோடும் சேர்க்கவில்லை. இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சரி, நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் அந்தச் சோரா கல்வெட்டுக்குப் போங்கள்.